உள்ளூர் ரயில் பாதையில் சரக்கு ரயிலைப் படம் எடுப்பது எப்படி?

பயணிகள் ரயிலுக்கு நேரம் பார்த்துப் போய் நிற்கலாம். கூட்ஸ் வண்டிக்கு அப்படி நாம் பார்க்கும்படியான அட்டவணை கிடையாது. மணிக்கணக்கில் ஒன்றும் வராது, பிறகு அடுத்தடுத்து இரண்டு வரும். வந்த பிறகும், இன்ஜின் சரியான இடத்தில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆகவே இடம், வெளிச்சம், கேமரா அமைப்பு மூன்றையும் வண்டி வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

படி 1: எங்கே நிற்கக் கூடாது

ரயில்வே எல்லைக்கு வெளியே, அல்லது பொதுமக்கள் நிற்க அனுமதி உள்ள இடத்தில் மட்டும் நில்லுங்கள். சாலை, மேம்பாலம், லெவல் கிராசிங் கேட்டுக்கு இப்பால், நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். திறந்த வெளியில் தண்டவாளத்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருங்கள். வேகன் தண்டவாளத்தைவிட அகலமானது. அதில் தளர்ந்த தார்ப்பாய்க் கயிறோ கம்பியோ வெளியே நீட்டிக்கொண்டு வரலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. சுமை ஏற்றிய வண்டிக்கு பிரேக் போட்டாலும் நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். சரிவில் இழுவை இல்லாமல் உருண்டு வரும் மின்சார இன்ஜினின் சத்தம் கிட்டே வரும்வரை கேட்காது.

இரட்டைப் பாதையில் இன்னொரு ஆபத்து உண்டு. நீங்கள் ஒரு வண்டியை வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் இரைச்சலில் மறு பாதையில் வரும் வண்டி தெரியாமலே போய்விடும். மேலே மின்கம்பி ஓடும் பாதையில், மேம்பாலத்திலிருந்து செல்ஃபி குச்சியையோ மோனோபாடையோ (ஒற்றைக்கால் தாங்கி) வெளியே நீட்டவே கூடாது. தொடாமலே மின்சாரம் தாவும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும்.

படி 2: சூரியனைப் பார்த்து இடம் பிடியுங்கள்

பாதை எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். வடக்கு தெற்காக ஓடினால் காலையில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம் நிற்க வேண்டும். கிழக்கு மேற்காக ஓடினால், கிழக்கு நோக்கிப் போகும் வண்டிக்குக் காலையில் முகத்தில் வெயில் விழும். மேற்கு நோக்கிப் போகும் வண்டிக்கு மாலையில். உச்சி வெயிலில் சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் போகிச் சட்டகங்களும் கறுத்துப்போகும். அதோடு ஜல்லியிலிருந்து எழும் கானல், தூரத்தை அருகே காட்டும் டெலி லென்ஸில் எடுத்த படத்தை நெளிய வைக்கும். விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து மின்கம்பங்கள். ஒற்றைப் பாதையில் கம்பங்கள் பெரும்பாலும் ஒரு பக்கமே இருக்கும். வெளிச்சம் இடம் கொடுத்தால் மறுபக்கம் போங்கள். முடியாவிட்டால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இன்ஜினின் முகம் வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தின் குறுக்கே கம்பம் விழுந்த படத்தைக் காப்பாற்ற வழியில்லை.

முழு வண்டியும் படத்தில் வர வேண்டுமென்றால் வளைவின் உட்புறம் நில்லுங்கள். நேர்பாதையில் முதல் சில வேகன்களுக்குப் பிறகு எல்லாம் ஒன்றன் பின்னால் ஒன்று மறைந்துவிடும்.

படி 3: வண்டி வருமா என்று கணிப்பது

அனல் மின்நிலையம், சிமென்ட் ஆலை, துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு என்று பாதை எதற்குச் சேவை செய்கிறது என்று பாருங்கள். எந்த நேரம், எந்தத் திசை, காலியா சுமையா என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் சில வாரங்களில் ஒரு ஒழுங்கு தெரியவரும். விரைவு ரயிலுக்கு வழிவிட கூட்ஸ் வண்டியை நிலையத்தின் பக்கப் பாதையான லூப் லைனில் நிறுத்துவார்கள். அந்த நிலையத்தின் நடைமேடை தொடக்கக்காரர்களுக்கு மிக நல்ல இடம், ஏனென்றால் வண்டி நகராமல் நிற்கும்.

படி 4: கேமரா அமைப்பு

நல்ல காலை வெயிலில் இப்படித் தொடங்குங்கள்: மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஷட்டர் 1/1000 நொடி. ஆட்டோவில் விட்டால், தலைவிளக்கு ஃபிரேமுக்குள் வந்ததும் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். அதே வெயிலில் இருக்கும் புல்லையோ ஜல்லியையோ எடுத்துப் பார்த்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதபடி சரிசெய்யுங்கள். வெள்ளை நிறக் கன்டெய்னர்கள் வரும் பாதையானால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

ஷட்டர் 1/1000 ஏன்? 60 கி.மீ. வேகத்தில் அந்த நேரத்துக்குள் வண்டி 1.7 செ.மீ. நகரும், 1/250 என்றால் ஏழு செ.மீ., வேகன் எழுத்துகள் கலங்கிவிடும். சாய்வான கோணத்தில் எடுத்தால் இந்த அசைவு குறைவாகத் தெரியும். பக்கவாட்டில் நேராக எடுப்பதானால் 1/2000 வைத்து, ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணையுங்கள். அது படத்தை வரி வரியாகப் பதிவதால் பெட்டிகள் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதுதான் சரி.

ஃபோகஸுக்கு, இன்ஜின் வர வேண்டிய இடத்தில் உள்ள கம்பத்தில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுவது எளிது. தொடர் ஃபோகஸ் நன்றாக வேலை செய்யும் கேமராவானால் ஓட்டுநர் கண்ணாடிக்குக் கீழே புள்ளியை வைத்துப் பின்தொடருங்கள்.

மொபைலில் 2 மடங்கு ஜூம் போடுங்கள்; சாதாரண லென்ஸ் மிக அகலமானதால் வண்டி சிறுத்துவிடும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு பர்ஸ்டில், அதாவது தொடர்ச்சியாகப் பல படங்களாக, எடுங்கள்.

படி 5: வண்டி வரும்போது

50 முதல் 70 மி.மீ. வரை உள்ள லென்ஸ் போதும். மின்கம்பங்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அடிவானத்தைவிட அவைதான் நம்பகமான அளவுகோல். இன்ஜின் போகும் திசையில் சிறிது வெற்றிடம் விடுங்கள்.

பலரும் தடுமாறுவது பர்ஸ்டில்தான். வண்டி தூரத்தில் தெரிந்ததுமே பட்டனை அழுத்தினால், குறித்த இடத்துக்கு இன்ஜின் வரும்போது கேமராவின் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி ஷட்டர் தயங்கும். குறித்த இடத்துக்கு ஒரு பெட்டி நீளம் இருக்கும்போது அழுத்தி, முகம் கடந்ததும் விடுங்கள்.

இன்ஜின் போனதும் கேமராவைக் கீழே இறக்காதீர்கள். டேங்க் வேகன்களின் துருவும் கசிவுத் தடங்களும், வண்டியின் கடைசியில் வரும் பிரேக் வேனின் வாசல், ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளும் இரண்டாவது இன்ஜின் என்று பயணிகள் ரயிலில் கிடைக்காத படங்கள் அங்கேதான் இருக்கின்றன. வேகன்கள் வரிசையாகப் போகும்போது பேனிங் (நகரும் பொருளோடு கேமராவையும் திருப்பி எடுப்பது) பழகலாம்: ஷட்டரை 1/60க்கு இறக்குங்கள், வெயிலில் வெளிச்சம் கூடிவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை 100 ஆக்கி அபெர்ச்சரை எஃப் 16 வரை மூடுங்கள். பாதங்களைக் கேமராவைத் திருப்பி முடிக்கும் இடம் நோக்கி வைத்து, இடுப்பிலிருந்து திரும்பி ஒரே வேகனைத் தொடருங்கள். தொடக்கத்தில் பத்தில் ஒன்று தேறினாலே நல்லது. 1/60ல் கைவந்த பிறகு 1/30க்கு இறங்குங்கள்.