கருப்பு குதிரை வெயில்ல செம்பட்டை அடிக்குதா? தப்பு எங்க நடக்குதுன்னு பாருங்க

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில பளபளன்னு நிக்கிற கருப்பு குதிரையைப் பாத்து ஆசைப்பட்டு வாங்கிட்டு வர்றாங்க, அடுத்த சித்திரை முடியறதுக்குள்ள முதுகும் விலாவும் செம்பட்டை அடிச்சு பிடரி நுனியெல்லாம் காப்பி கலர் ஆயிடுது, உடனே வித்தவன் ஏமாத்திட்டான்னு கோவம். பெரும்பாலும் யாரும் ஏமாத்தலைங்க. பாதி வெயில், மீதி நம்ம பராமரிப்பு.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கணும். முடியோட நிறம் தோலுக்குள்ள, வேர்லயே தயாராகி முடிஞ்சிடும். வெளிய நீண்டு வந்த முடிக்கு உயிர் கிடையாது. அதுல இருக்குற மெலனின்ங்கிற நிறமியை வெயிலோட புற ஊதாக் கதிர் ஒரு தடவை சிதைச்சிடுச்சுன்னா எந்த எண்ணெய், எந்த பவுடர் போட்டாலும் பழைய கருப்பு திரும்பாது, அந்த முடி கொட்டி புது முடி வந்தாதான் உண்டு. அதனால வேலை ரெண்டே இடத்துலதான் இருக்கு: புது முடி வளரும்போது உள்ள போற தீனி, வெளிய வந்த முடியைக் காப்பாத்துறது. நிறைய பேர் இது ரெண்டையும் விட்டுட்டு ஏற்கனவே மங்கிப்போன முடி மேல காசைக் கொட்டுறாங்க, பாக்கவே வருத்தமா இருக்கு.

எல்லா குதிரையும் ஒரே மாதிரி மங்கும்னு நினைக்கிறதும் தப்பு. கருப்புலயே வெயிலுக்கு அசையாத கருப்பு இருக்கு, ஒரு கோடைக்கே சிவந்துபோற கருப்பும் இருக்கு. நிறத்தை வெளுப்பாக்குற கிரீம் ஜீன் ஒண்ணு சேர்ந்திருந்தா, அதை ஸ்மோக்கி பிளாக்னு சொல்வாங்க, பல குதிரை சீக்கிரமே வெளுக்கும். குட்டியில கருப்பா இருந்து கண்ணைச் சுத்தி வெள்ளை முடி எட்டிப் பாக்க ஆரம்பிச்சா அது கிரே ஜீன், வருஷம் போகப் போக வெள்ளையாயிட்டே போகும், அதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்ல, தடுக்கவும் முடியாது. வாங்கறதுக்கு முன்னாடி மூக்கையும் கண்ணோரத்தையும் பாருங்க. உடம்பு எவ்வளவு சிவந்திருந்தாலும் அசல் கருப்பு குதிரைக்கு அங்க இருக்குற பொடி முடி பெரும்பாலும் கருப்பாவே இருக்கும்.

நம்ம ஊர்ல நடக்குற பெரிய தப்பு எதுன்னு கேட்டா நான் வேர்வையைத்தான் சொல்வேன். மனுஷன் வேர்வையில ரத்தத்தை விட உப்பு கம்மி, குதிரை வேர்வையில ரத்தத்தை விட உப்பு ஜாஸ்தி, கூடவே லேத்தரின்னு ஒரு புரதம் இருக்கு, சவாரி பண்ணும்போது தொடையிடுக்குல வெள்ளையா நுரை வருதே அதுக்குக் காரணம் இதுதான். சவாரி முடிஞ்சதும் சேணத்தை இறக்கிட்டு அப்படியே வேப்பமரத்துல கட்டிட்டுப் போயிடறாங்க, நிழல் நகர்ந்து வெயில் ஏறிடுது, உப்பு முடியிலயே காய்ஞ்சு நிக்குது. ஒரு மாசம் இப்படிப் பண்ணுங்க, சேணம் இருந்த இடம் மட்டும் தனியா வெளுத்துத் தெரியும். ஒவ்வொரு சவாரிக்கு அப்புறமும் சோப்பு எதுவும் இல்லாம வெறும் தண்ணியில நல்லா அலசி, கையாலயோ தகடாலயோ தண்ணியை வழிச்சு விட்டு, நிழல்லயே காய விடணும். போர் தண்ணி உப்பா இருந்தா கடைசியா ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி ஊத்துங்க, வேர்வை உப்பைக் கழுவிட்டு போர் உப்பை ஏத்தி என்ன பிரயோஜனம்.

குளிப்பாட்டுறதுலயும் அதே கதைதான். துணி சோப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட் எல்லாம் போட்டு வாரம் ரெண்டு தடவை தேய்க்கிறவங்க இருக்காங்க. தோல்ல தானா சுரக்குற எண்ணெய்ப்பசைதான் குதிரையோட பளபளப்பு, அதைக் கழுவி விட்டுட்டா முடி வறண்டு நிறமும் மங்கலாத் தெரியும். குளிப்பாட்டி ஈரத்தோட வெயில்ல நிறுத்துறது இன்னும் மோசம். தினமும் பிரஷ் போட்டு நல்லா தேய்ங்க, அந்த எண்ணெய் வேர்லருந்து நுனி வரைக்கும் இழுபடும், பைசா செலவில்லாத வேலை இது. தேங்காய் எண்ணெய் பூசி வெயில்ல நிறுத்தினா கருப்பு ஏறும்னு ஒரு நம்பிக்கை ஓடுது, ஏறாது. எண்ணெய் வெயிலைத் தடுக்காது, புழுதியை இழுத்து ஒட்டிக்கும், அவ்வளவுதான். வால் நுனிக்கு கொஞ்சம் தடவி சிக்கு எடுக்கிறதோட நிறுத்திக்குங்க. லாயத்துல மூத்திரம் தேங்கறதையும் பாருங்க, அதுல படுத்துப் படுத்தே ஒரு பக்க விலா பழுப்பேறிப்போன குதிரைங்க நிறைய.

இப்ப தீனிக்கு வருவோம். மெலனின் உண்டாக டைரோசினேஸ்னு ஒரு நொதி வேணும், அது வேலை செய்ய தாமிரம் வேணும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 2007ல போட்ட கணக்குப்படி, வேலை எதுவும் இல்லாம நிக்கிற 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் தாமிரம், 400 மில்லிகிராம் துத்தநாகம். நம்ம மார்வாரி, கத்தியவாரி பல குதிரைங்க இதை விட எடை கம்மி, அதுக்கு ஏத்தாப்ல குறையும். வெறும் சோளத்தட்டு, கோதுமைத் தவிடு, கொள்ளுன்னு ஓட்டுற இடத்துல இந்த ரெண்டும் பத்தாம போக நல்ல வாய்ப்பு இருக்கு. தவிட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் ரொம்ப கம்மி, அது எலும்புக்கே ஆகாது. குதிரைமசால் கிடைச்சா கால்சியத்துக்கும் புரதத்துக்கும் நல்லது, ஊற வைக்காத ஆளி விதையை அப்பப்ப பொடிச்சு ஒரு கைப்பிடி போட்டா முடிக்கு மினுமினுப்பு வரும், ஆனா தாமிரத்துக்கு குதிரைக்குன்னே செஞ்ச தாது உப்புதான் சரி.

இங்கதான் ஆபத்தான தப்பு ஒண்ணு நடக்குது, தயவு செஞ்சு கவனிங்க. விலை கம்மியா இருக்குன்னு மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ குதிரைக்கு வைக்கிறாங்க. அதுல சிலதுல மோனென்சின் மாதிரி மருந்து கலந்திருப்பாங்க, மாட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது, குதிரைக்கு இதயத் தசையையே சிதைச்சு ஆளைக் கொன்னுடும். நிறத்துக்கு ஆசைப்பட்டு குதிரையையே இழக்காதீங்க. அதே மாதிரி செலினியம்ங்கிற தாது. முடிக்கு நல்லதுன்னு ரெண்டு மூணு டானிக்கை ஒண்ணா கொடுத்தா எல்லாத்துலயும் இருக்குற செலினியம் கூடிக்கிட்டே போகும், ஜாஸ்தியானா பிடரியும் வாலும் கொட்டும், குளம்பு வெடிக்கும். 2009 ஏப்ரல்ல புளோரிடாவுல ஒரே அணியோட 21 போலோ குதிரைங்க செத்ததுக்குக் காரணம் அளவு தப்பிப்போன செலினியம் கலந்த ஊசி மருந்துதான். இரும்பு டானிக்கும் பெரும்பாலும் தேவையில்ல, புல்லுலயும் தட்டுலயுமே தேவைக்கு மேல இருக்கு. வெளிநாட்டுல நிறத்துக்காக பாப்ரிகா மிளகாய்ப் பொடி போடுறாங்கன்னு பாத்துட்டு வீட்டு மிளகாய்ப் பொடியைத் தூவாதீங்க, அதுல காரத்தைக் கொடுக்குற கேப்சைசின் சர்வதேச குதிரைப் போட்டிகள்ல தடை செஞ்ச பொருள்.

தீனியை மாத்தி பதினஞ்சு நாள்ல ரிசல்ட் இல்லன்னு நிறுத்துறவங்களும் இருக்காங்க. புது முடி வேர்ல வளரும்போது உடம்புல தாமிரம் இருந்தாதான் அதுக்குள்ள கருப்பு ஏறும். குளிர் நாட்டுல பகல் நீளம் மாறுறதை வெச்சு வருஷம் ரெண்டு தடவை முடி கொத்துக் கொத்தா கொட்டும், நம்ம பக்கம் பகல் நீளம் பெருசா மாறாததால அது அவ்வளவு பளிச்சுனு தெரியாது. மாசக்கணக்குல பொறுமையா இருக்கணும். வால் நுனி எல்லாத்துலயும் வயசான முடி, அது கருப்பாக வருஷக்கணக்காகும்.

டை அடிக்கிறது பத்தி சொல்லவே வேணாம்னு பாத்தேன், ஆனா சந்தைக்கு முன்னாடி நிறைய நடக்குது. மனுஷ ஹேர் டையில இருக்குற பிபிடிங்கிற ரசாயனம் குதிரைத் தோலையும் கொப்புளம் ஆக்கலாம். பஞ்சாப்ல 2022ல ஒருத்தர் 22 லட்சத்துக்கும் மேல கொடுத்து கருப்பு குதிரைன்னு வாங்கி வீட்ல குளிப்பாட்டினா சாயம் கரைஞ்சு உள்ள செவலை. வாங்கும்போது ஈரத்துணியால அழுத்தித் துடைச்சுப் பாருங்க, விக்கிறவர் முகம் சுளிச்சாலும் பரவால்ல.

கடைசியா வெயில். நிறம் போயிடும்னு நாள் முழுக்க இருட்டு லாயத்துல பூட்டி வெக்காதீங்க, நடமாட்டம் இல்லாத குதிரைக்கு வயித்து வலி வரும், நின்ன இடத்துலயே ஆடுற பழக்கம் வரும். காலையில பத்து மணிக்கு மேல சாயங்காலம் நாலு வரைக்கும் காத்தோட்டமான கொட்டகை நிழல், மத்த நேரம் வெளிய, கோடையில ராத்திரி பூரா வெளிய விட்டாலும் நல்லதுதான், கொசுவுக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிக்குங்க. வலை மாதிரி மெல்லிசான வெள்ளை ஷீட் போடலாம், ஆனா உள்ள கை விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா உடனே எடுத்துடுங்க, அக்னி நட்சத்திரத்துல தடி ஷீட் போட்டா வேர்வை ஊறி போட்டதோட நோக்கமே கெட்டுப்போகும். பிங்க் தோல் இருக்குற வெள்ளை நுக்ரா குதிரைக்கு நிறம் பிரச்சனையில்ல, மூக்குத் தோல் வெந்துபோகும், அதுக்கு நிழல் இன்னும் முக்கியம்.

ஒண்ணு விட்டுட்டேன், முதுகுல சேணம் உக்கார்ற இடத்துல வட்டமா வெள்ளை முடி வந்தா அதை வெயில்னு நினைச்சு தீனியை மாத்தாதீங்க. அது சேணம் அழுத்தி முடி வேரே சேதமாகி வந்தது, பெரும்பாலும் திரும்ப கருப்பாகாது. அந்தக் குதிரைக்கு முதல்ல சேணத்தை மாத்துங்க, அதுக்கு வலிக்குது.