பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும்) டாக்டருக்குக் கை பழகிவிட்டதா என்று பார்ப்பது எப்படி?

மூன்று வருஷ எம்.டி.யின் கடைசியில் நான்கு தியரி பேப்பர், நோயாளியைப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வாய்மொழியாகக் கேட்கும் வைவா, அதில் தேறிவிட்டால் அவர் ஸ்பெஷலிஸ்ட். ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு மூச்சு வாங்கும் நோயாளியின் கட்டிலருகே தனியாக நிற்கும்போது அவர் என்ன செய்வார் என்பதை அந்தப் பரீட்சை முழுதாகச் சொல்லிவிடாது. மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்: விஷயம் தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்டுவார், அன்றாட வேலையில் செய்கிறார். அந்த நாலாவது படியைப் பார்க்க நாம் வார்டுக்குப் போய் பக்கத்தில் நிற்க வேண்டும். வருஷக் கடைசியில், பி.ஜி. தான் செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கை மொத்தமாக வாங்கிக் கையெழுத்துப் போடுவது மதிப்பீடே இல்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் போட்டேன், அது தப்பு.

ஆரம்பிக்க மினி-செக்ஸ் (mini-CEX, நோயாளியைப் பார்க்கும்போதே கவனித்து மார்க் போடும் சிறு மதிப்பீடு) சுலபம். 1995இல் ஜான் நார்சினியும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் கொண்டுவந்த முறை இது. ஓபியில் ஒரு நோயாளியை பி.ஜி. பார்க்கும்போது பதினைந்து இருபது நிமிஷம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், குறுக்கே பேசாதீர்கள். கேட்கிற விதம், பரிசோதிக்கிற விதம், முடிவெடுப்பது, நோயாளிக்கு விளக்குவது, மரியாதை, நேரத்தைக் கையாள்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை மார்க். நாலுக்குக் கீழே போனால் போதாது என்று அர்த்தம்.

கைவேலைக்கு டாப்ஸ் (DOPS), அதாவது செய்யும்போதே நேரில் நின்று பார்க்கும் மதிப்பீடு. உதாரணமாக, நெஞ்சில் நீர் கோத்தவருக்கு ஊசி குத்தி அந்த நீரை எடுக்கும் ப்ளூரல் டேப். ஊசியைப் பிறகு பார்க்கலாம், முதலில் அவர் நோயாளியிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினார் என்று கவனியுங்கள். எக்ஸ்ரேயை மறுபடி பார்த்து எந்தப் பக்கம் என்று உறுதிப்படுத்தினாரா? முதுகில் தட்டிப் பார்த்து இடம் குறித்தாரா? மரத்துப்போகும் ஊசி (லிக்னோகெயின்) போட்டுவிட்டு அது பிடிக்கும்வரை பொறுத்தாரா? ஊசி விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிப் போக வேண்டும், ஏனென்றால் ரத்தக்குழாயும் நரம்பும் கீழ் விளிம்பில் ஓடுகின்றன. இதை வைவாவில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், ஆனால் கை அங்கே போகிறதா என்பது பக்கத்தில் நின்றால்தான் தெரியும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது நோயாளி இருமத் தொடங்கினால் நிறுத்துகிறாரா, ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கணக்கு மனதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முடிந்ததும் அங்கேயே, அன்றைக்கே, தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசுங்கள். நோயாளி முன்னால் திட்டாதீர்கள். "பரவாயில்லை, இன்னும் படி" என்பதால் யாருக்கும் பயனில்லை. "லிக்னோகெயின் போட்டதும் உடனே குத்திவிட்டீர்கள், அவர் துள்ளினார், அடுத்த முறை இரண்டு நிமிஷம் காத்திருங்கள்" என்று சொல்லுங்கள், அதையே எழுதியும் வையுங்கள்.

மார்க்கைவிட எனக்கு அதிகம் உதவுவது ஒரு கேள்வி: இந்த வேலையை இவரை நம்பி விடலாமா? இப்போதைக்கு அவர் வேடிக்கை மட்டும் பார்க்கட்டும், நான் பக்கத்தில் நின்றால் அவர் செய்யலாம், கூப்பிட்டால் வரும் தூரத்தில் நான் இருந்தால் போதும், தனியாகவே செய்யலாம், ஜூனியருக்குச் சொல்லித் தரலாம் என்று ஐந்து நிலை. நெதர்லாந்தின் மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஒல்லே டென் காட்டே 2005இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொரு வேலைக்கும் நிலை தனித்தனி. டேப்பில் நாலாம் நிலையில் இருப்பவர் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கும் லம்பார் பங்சரில் இரண்டில் இருக்கலாம்.

அப்புறம், ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரே சீஃப் (மூத்த டாக்டர்) பார்த்தாலும் போதாது. மார்க் போடுவதில் சிலருக்குக் கை தாராளம், சிலர் கடுமை, அதனால் வேறு வேறு கேஸ், வேறு வேறு ஆள். ஸ்டாஃப் நர்ஸிடமும் கேளுங்கள், ராத்திரி டியூட்டியில் கூப்பிட்டால் அவர் எழுந்து வருகிறாரா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு மூன்று பேர் பார்த்தும் ஒரே குறை வந்தால் பரீட்சை வரை தள்ளாமல் அந்த வாரமே உட்காரவைத்து, எதை யார் கூட நின்று சொல்லித்தருவது, மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை அந்த வேலையை அவரிடம் தனியாக விடாதீர்கள்.