பழைய பிக்கப்பில் இரும்புப் பரம்பு கட்டித் தோப்புப் பாதையைச் சமன் செய்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் தோப்போ பண்ணையோ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதையை விவரிக்க வேண்டியதில்லை. செம்மண் தடம், சக்கரம் போகிற இடம் இரண்டும் குழி, நடுவில் புல் முளைத்த மேடு. ஐப்பசி அடைமழையில் அந்த இரண்டு குழிகளும் வாய்க்காலாகிவிடும். கார்த்திகை வந்தால் தேங்காய் ஏற்ற வருகிற வண்டிக்காரர் மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, உள்ள வரமாட்டேன், தலைச்சுமையா கொண்டாந்துருங்க" என்பார்.

இதற்கு ஜேசிபிதான் வேண்டும் என்றில்லை. கொட்டகையில் ஒரு பழைய பொலேரோ பிக்கப்போ டாடா 207-ஓ சும்மா நின்றால் போதும். வயலில் மாடு கட்டிப் பரம்படிக்கிற அதே வேலையை வண்டி கட்டிச் செய்யப் போகிறோம். ஆனால் தடம் முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தால் இந்த முறை உதவாது. அந்தக் குழிகளில் முதலில் கிராவல் கொட்டி மிதித்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

முன்னால் தள்ளாதீர்கள், பின்னால் இழுங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளோடு ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வருகிறவர்கள், பிக்கப்பின் மூக்கில் பெரிய தகடு மாட்டிப் பனியைத் தள்ளுவதைப் பார்த்திருப்பார்கள். அதையே இங்கே வெல்டிங் வைத்துச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம்.

புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூட இருக்காது. நம்முடைய ஈரச் செம்மண் அதே அளவுக்கு 1,600 கிலோவைத் தாண்டும். அங்கே தகட்டில் சுருள்வில் இருக்கிறது. பனிக்கு அடியில் மறைந்த கல்லில் முட்டினால் தகடு முன்பக்கம் மடங்கிக் கொடுக்கும். தகட்டின் கனத்தைத் தாங்க முன் ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவார்கள், அதற்கு ஈடாகப் பின்பக்கம் மணல் மூட்டை ஏற்றுவார்கள். இவ்வளவு செய்தும் பனி தள்ளுகிற வண்டிக்கு முன் ஸ்பிரிங், கியர்பாக்ஸ் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். இந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் செம்புரான் கல் துருத்தி நிற்கிற பாதையில் தள்ளினால் அடி மொத்தமும் சேஸிஸுக்குத்தான். சட்டமும் குறுக்கே நிற்கிறது. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு விடாது. 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அங்கே போய் மூக்கில் ஒட்டிய தகட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மணல் மூட்டையைத்தான். காலியான பிக்கப்புக்கு வால் லேசு. பின் சக்கரம் மண்ணைக் கிளறுமே தவிர இழுக்காது. பின் அச்சுக்கு நேர் மேலே நாலைந்து மணல் மூட்டை போட்டுக் கயிற்றால் கட்டிவிடுங்கள். பிடிப்பு வந்துவிடும், 4 வீல் டிரைவ் தேவைப்படாது.

முதலில் வண்டி

மெதுவாக, கனத்தோடு, நின்று நின்று போகிற வேலை இது. கிளட்ச், ரேடியேட்டர், பின்பக்க ஹவுசிங் (பின் அச்சின் நடுவில் பல்சக்கரம் இருக்கிற உருண்டைக் கூடு) மூன்றும் நன்றாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பெயின்ட், சீட், ஏசி பக்கம் திரும்பவே வேண்டாம்.

கிளட்சைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் குலுங்கி அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்து வண்டிக்கு அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது, ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். டார்ச் அடித்து ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உடைந்த பட்டையில் விரிசல் ஒரு மெல்லிய துருக் கோடாகத் தெரியும், பெரும்பாலும் செண்டர் போல்ட் பக்கத்தில் இருக்கும். ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கிற யூ போல்ட் நட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேஸிஸில் துரு இருக்கிற இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டாலோ பொறுக்காக உதிர்ந்தாலோ அந்த இடத்தில் சங்கிலி மாட்டக் கூடாது.

அடியில் இருக்கும்போதே ஹவுசிங்கின் பக்கவாட்டு நட்டைக் கழற்றி விரலை விடுங்கள். ஆயில் விரலில் பட வேண்டும். கறுப்பாக இருந்தால் பழசு, மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டிலும் வடித்துவிட்டு ஜிஎல்-5 ரகக் கிரவுன் ஆயில் ஊற்றுங்கள். பல வண்டிகளுக்கு 80டபிள்யூ-90 சரிவரும், வண்டிப் புத்தகத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஹவுசிங் மேலே சிறு தொப்பி மாதிரி ஒரு மூச்சுத்துளை உண்டு. பழைய வண்டிகளில் அது மண் அடைத்தே கிடக்கும். சூடான ஹவுசிங் தேங்கின தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுத்துளை அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். துணியும் கம்பியும் கொண்டு ஐந்து நிமிஷத்தில் சுத்தம் செய்கிற இதை யாரும் செய்வதில்லை. கிராஸ் ஜாயின்ட்டுக்கும் ஸ்பிரிங் ஷேக்கிளுக்கும் பழைய கிரீஸ் பிதுங்கி வருகிற வரை புதுக் கிரீஸ் அடியுங்கள்.

ரேடியேட்டருக்கு வெறும் போர்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்துவிடும். பனி நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கூலன்ட் ஊற்றுகிறார்கள். நமக்கு அது துருப் பிடிக்காமலும் சீக்கிரம் கொதிக்காமலும் இருக்க உதவும். முதல் கியரில் ஊரும்போது எதிர்க்காற்று கிடையாது, குளிர்ச்சி முழுக்க ஃபேனை நம்பித்தான். ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ரேடியேட்டர் முன்னால் அடைத்திருக்கும் பஞ்சையும் புல் விதையையும் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியே தள்ளுங்கள்.

ரொம்ப நாள் நின்ற வண்டியில் டீசல் ஃபில்டர் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடித்த பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால் காற்றுப் பிடித்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்த அழுத்த முதலில் நுரை வரும். குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள். காமன் ரெயில் இன்ஜினில் ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகிற பைப்பை மட்டும் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், பீய்ச்சினால் தோலுக்குள் இறங்கிவிடும்.

பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் நின்றால் டைனமோ சரி. பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருஷம் ஆனது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகிற சரக்கு. எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பானெட்டுக்குள் பாருங்கள். சீமைக்கருவேல முள்ளுக்கு மருந்தில்லை, ஸ்டெப்னியில் காற்று இருக்கட்டும்.

பரம்பு செய்வது

1896 வாக்கில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டி. வார்ட் கிங் என்ற விவசாயி, ஒரு மரத்தை இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் முன்னும் பின்னுமாக இணைத்து, குதிரை பூட்டி மண் சாலையில் இழுத்தார். முன்கட்டை சீவும், பின்கட்டை பரப்பி அழுத்தும். நம்முடையதும் அதே அமைப்புதான், மரத்துக்குப் பதில் இரும்பு.

பழைய இரும்புக் கடையில் 150 மி.மீ. சி-சேனல் ஆறடி நீளத்தில் இரண்டு துண்டு எடுங்கள். இரண்டும் சேர்ந்து 60 கிலோவுக்குப் பக்கமாக வரும். 75 செ.மீ. இடைவெளி விட்டு, இரண்டையும் நிமிர்த்தி வைத்து, குறுக்கே மூன்று ஆங்கிளும் மூலைக்கு மூலை ஒரு ஆங்கிளும் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மூலைவாட்டு ஆங்கிள் இல்லாவிட்டால் முதல் கல்லிலேயே சட்டம் கோணிக்கொள்ளும்.

முன்சேனலின் கீழ் விளிம்பில், அரை அங்குலம் கீழே இறங்குகிற மாதிரி 10 மி.மீ. பட்டை இரும்பைப் போல்ட் போட்டு மாட்டுங்கள். தேய்வது இதுதான், தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். பட்டறையில் "வெல்டிங்கே வச்சுருவோம்ணே, ஸ்ட்ராங்கா நிக்கும்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். பின்சேனலுக்கு இந்தப் பட்டை வேண்டாம்.

சங்கிலி

வித்தை முழுவதும் சங்கிலியில்தான் இருக்கிறது. 10 மி.மீ. கண்ணிச் சங்கிலியை முன்சேனலின் இரு முனைகளிலும் மாட்டி, வண்டிக்குப் பின்னால் ஒரே இடத்தில் டி-ஷேக்கிளால் சேருங்கள். மாட்டும் இடம் சேஸிஸிலுள்ள இழுவைக் கொக்கியாகவோ பின் குறுக்குச் சட்டமாகவோ இருக்க வேண்டும். பம்பரில் கட்டினால் பம்பர் தனியாக வரும். அச்சில் கட்டவே கூடாது. நைலான் கயிறும் வேண்டாம். இழுபட்டு அறுந்தால் சாட்டையாய்த் திரும்பி அடிக்கும்.

இடது சங்கிலி குட்டையாகவும் வலது சங்கிலி நீளமாகவும் இருக்கட்டும். அப்போது பரம்பின் இடது முனை முன்னால் போகும், வலது முனை பின்தங்கும், சீவின மண் தகட்டை ஒட்டி வலப்பக்கம் நகரும். நீங்கள் பாதையின் இடது ஓரமாகப் போவதால் மண் நடுவுக்கு வரும். திரும்பி வரும்போதும் உங்கள் இடது ஓரத்தில்தான் வருவீர்கள், அதனால் சங்கிலியை மாற்ற வேண்டியதில்லை. சாய்வு 30 டிகிரி அளவில் இருந்தால், ஆறடிப் பரம்பு ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தைப் பிடித்துச் சக்கரத் தடம் இரண்டையும் மூடும். அதற்கு மேல் சாய்த்தால் ஒரு தடம் தப்பிவிடும்.

சங்கிலி மொத்தத்தையும் நீட்டினால் பரம்பு ஆழமாகச் சீவும். குறைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு லேசாகத் தடவும். ஆறேழு அடியில் ஆரம்பித்து, மண்ணைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

எப்போது இழுப்பது

காய்ந்த செம்மண் சிமென்ட் தரை, தகடு பொறி பறக்கத் தேயுமே தவிர ஒன்றும் நடக்காது. சேற்றில் இழுத்தால் இருந்த பாதையும் போகும். புரட்டாசியில் சாயங்கால இடி மழை ஒன்று பெய்யும் இல்லையா, அது விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் சரியான நேரம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் குத்தினால் இரண்டாகப் பிளக்க வேண்டும். கையில் அப்பினால் பொறுங்கள். உதிர்ந்தால் நாள் தவறிவிட்டது, அடுத்த மழைக்குக் காத்திருங்கள்.

ஓட்டுவது

முதலில் பாதை நெடுக நடந்து பாருங்கள். துருத்திய வேர், செம்புரான் கல், குறுக்கே போகிற சொட்டுநீர்க் குழாய், முக்கியமாக போர் மோட்டார் கேபிள், எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு போட்டு அடையாளம் வையுங்கள். நம் பரம்பில் மடங்கிக் கொடுக்கிற சுருள்வில் கிடையாது.

பரம்பை வண்டியின் பின்தட்டில் ஏற்றி இடத்துக்குக் கொண்டுபோய் இறக்குங்கள், தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் கியர், நடைவேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், மணிக்கு 5 முதல் 8 கி.மீ. வேகம் கூட்டினால் பரம்பு குதித்துப் பாதை அலை அலையாகிவிடும். கனம் போதாவிட்டால் சட்டத்தின் மேல் மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள். ஆளை ஏற்றாதீர்கள், சிறுபிள்ளைகள் ஆசையாய் வந்து நிற்பார்கள், விரட்டிவிடுங்கள். பரம்பு எதிலாவது சிக்கினால் ஆக்ஸிலேட்டரை மிதித்து வெட்டி இழுக்காமல், பின்னால் வந்து சங்கிலியைத் தளர்த்தி இறங்கிப் பாருங்கள்.

ஒரே தடவையில் முடிக்க நினைக்க வேண்டாம். போக வர இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றிலும் கொஞ்சமாய். பத்தடிப் பாதை என்றால், ஓரத்தைவிட நடு இரண்டரை அங்குலம் உயர்ந்திருந்தால் போதும், தண்ணீர் இரு பக்கமும் வடிந்துவிடும். நூல் கட்டி ரசமட்டம் வைத்து இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். ஓரத்தில் சேருகிற மண் வரப்பு மாதிரி நின்றால் தண்ணீர் பாதையிலேயே தங்கும், ஆங்காங்கே மண்வெட்டியால் வாய் திறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் பக்கத்து ஊரணிக்கோ கண்மாய்க்கோ போகிற வரத்துக்காலில் சேர்ந்தால் நல்லது. வரத்துக்காலை மட்டும் மண் தள்ளி மூடிவிடாதீர்கள், ஊரே வாசலுக்கு வந்துவிடும்.

கடைசிச் சுற்று முடிந்ததும் காலி வண்டியைத் தடம் மாற்றி மாற்றி நாலு தடவை ஓட்டினால் மண் இறுகும். முதல் பெருமழை விட்டதும் போய், எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே குச்சி நட்டுவிட்டு வாருங்கள். ஈரம் பதமானதும் அந்த இடங்களில் மட்டும் கிராவல் போட்டு இன்னொரு இழுப்பு. அதற்குப் பிறகு பரம்பைக் கழுவி, தகட்டிலும் சங்கிலியிலும் கழிவு ஆயில் தடவி, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பிரேக் டிரம்முக்குள் ஒட்டிய சேற்றை அன்றைக்கே அடித்துக் கழுவிவிட வேண்டும், காய்ந்தபின் சுலபத்தில் வராது.