தண்ணீரைப் பிரிக்கும் சோதனை: இரண்டுக்கு ஒன்று வராதபோது

நீரின் மின்னாற்பகுப்பை, அதாவது மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரிப்பதை, வகுப்பில் பலகையில் படம் போட்டே முடித்துவிடுகிறோம். செய்து காட்ட ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு பென்சிலும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

1. ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு துளை போடுங்கள். இருபக்கமும் சீவிய குட்டைப் பென்சில்களைக் கீழிருந்து செருகி, சுற்றிலும் எம்-சீல் அப்புங்கள். ஓர் இரவு காயட்டும். நான் அவசரப்பட்டு ஒருமுறை மேசையெல்லாம் தண்ணீர்.

2. டப்பாவை இரண்டு செங்கல் மேல் வைத்து அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மருந்துக்கடை எப்சம் உப்பு நான்கு ஸ்பூன் கரையுங்கள். வெறும் தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. ஆப்பச் சோடா போட்டாலும் குமிழி வரும். ஆனால் கரியமில வாயுவும் கலந்து அளவைக் கெடுக்கும். சாப்பாட்டு உப்பு வேண்டவே வேண்டாம், குளோரின் கிளம்பும். பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

3. செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றைக் கொஞ்சம் விடுங்கள்; அது அமிலத்தில் சிவப்பும் காரத்தில் பச்சையும் காட்டும். கீழே நீட்டியிருக்கும் பென்சில் முனைகளில் பேட்டரியை இணையுங்கள். பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த பென்சில் (எதிர்மின்வாய்) பக்கம் பச்சை படரும், நேர்முனையோடு சேர்ந்த பென்சில் (நேர்மின்வாய்) பக்கம் சிவப்பு ஏறும். பிள்ளைகளின் முதல் கேள்வி இங்கேதான் வரும். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள்.

4. பத்து நிமிடம் அப்படியே ஓடட்டும். அப்புறம் அதே கரைசலை நிரப்பிய இரண்டு சிறிய சோதனைக்குழாய்களை, வாயை விரலால் மூடி, பென்சில்கள் மேல் கவிழ்த்து வையுங்கள்.

எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, நேர்மின்வாயில் ஆக்சிஜன் ஒரு பங்கு என்பது பாடம். குழாயில் பார்த்தால் ஆக்சிஜன் ஹைட்ரஜனில் பாதிகூட இருக்காது. "சார், தப்பா வந்திருக்கு" என்பார்கள். நேர்மின்வாய்ப் பென்சிலைக் காட்டுங்கள்: முனை அரித்து, அடியில் கரித்தூள் படிந்திருக்கும். ஆக்சிஜனில் கொஞ்சத்தைக் கரி தின்றுவிட்டது; இன்னும் கொஞ்சம் தண்ணீரில் கரைந்துவிட்டது. பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டது இப்படிக் கரைவதைக் குறைக்கத்தான்.

1800இல் லண்டனில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துப் பார்த்த நிக்கல்சன், கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பட்ட பாடும் இதுவே. இத்தாலிய விஞ்ஞானி வோல்டா உருவாக்கிய மின்கல அடுக்கைப் (முதல் பேட்டரி) பற்றி அறிந்ததும் செய்து பார்த்தார்கள். முதலில் போட்ட பித்தளைக் கம்பி ஒரு பக்கம் கறுத்து ஆக்சிஜனை விழுங்கியது. பிளாட்டினம் போட்ட பிறகே இரண்டு வாயுவும் கிடைத்தன.

5. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஆக்சிஜன் குழாயை நிமிர்த்தி, தணலாக இருக்கும் ஊதுபத்தியை உள்ளே விட்டால் தணல் பிரகாசமாகும். ஹைட்ரஜன் குழாயைக் கவிழ்த்தபடியே எடுத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டுங்கள். 'பொப்' என்ற சின்னச் சத்தம்தான், ஆனால் கடைசி பெஞ்சும் எழுந்து நிற்கும். இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் மட்டும் பிடிக்காதீர்கள். வீட்டு பிளக்கில் எதையும் செருகவும் கூடாது.