வேட்டைக் காலத்தில் கொலராடோ மலைகளில் நடப்பவர்களுக்கு

கொலராடோவில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகும் வாரங்களும் வேட்டைக் காலமும் ஒன்றாகவே வரும். செப்டம்பர் பிற்பாதியில் டென்வர் பக்கத்து நம் ஆட்கள் பலர் குழந்தைகளோடு கெனோஷா கணவாய்க்கும் குவனெல்லா கணவாய்க்கும் கிளம்பிவிடுகிறோம். அந்த மலைக்காடுகளில்தான், மரப்பட்டை நிறத்தில் உடுத்திக்கொண்டு வில்லோடு எல்க் மானுக்காக ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது நேஷனல் ஃபாரஸ்ட், அதாவது அரசின் பொதுக் காட்டு நிலம். அவர்களுக்கும் அங்கே உரிமை உண்டு, நமக்கும் உண்டு. இலையுதிர்காலத்தில் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களை மலைக்கு அழைத்துப் போகிறவள் நான். கிளம்புவதற்கு முன் எல்லோரிடமும் சொல்வதை எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் காலண்டர். செப்டம்பர் மாதம் வில்வேட்டைக்கு உரியது. அதே மாத நடுவில் சில நாட்கள், குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கு அனுமதி. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் பிற்பகுதி வரை நான்கு சுற்றுகளாக ரைஃபிள் வேட்டை நடக்கும். செப்டம்பரில் வில் மட்டும்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. கரடிக்கான ரைஃபிள் வேட்டை அந்த மாதத்திலேயே உண்டு, ஆகவே வெடிச்சத்தம் கேட்கலாம். மாநிலம் முழுவதும் எண் போட்ட வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் எந்த நாட்களில் எந்த விலங்கு என்பதை மாநில வனவிலங்குத் துறையான கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் ஆண்டுதோறும் இலவசக் கையேடாக வெளியிடுகிறது. நீங்கள் போகிற டிரெயில் எந்த எண்ணில் வருகிறது என்று முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

துப்பாக்கிச் சத்தமே வேண்டாம் என்பவர்கள் ராக்கி மவுன்டன் நேஷனல் பார்க்குக்குப் போகலாம். அங்கே பொதுமக்களுக்கு வேட்டை அனுமதி கிடையாது. வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் நான் அங்கேதான் அழைத்துப் போவேன். ஸ்டேட் பார்க்குகளை அப்படி ஒரேயடியாக நம்ப முடியாது. சிலவற்றில் சில பகுதிகளில் வேட்டை உண்டு, நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேட் வைல்ட்லைஃப் ஏரியா என்று பலகை இருந்தால் அங்கே சும்மா நடப்பதற்கே வேட்டை அல்லது மீன்பிடி உரிமமோ தனி பாஸோ வேண்டும். 2020-லிருந்து இந்த விதி இருக்கிறது.

அடுத்தது நிறம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரைஃபிளோடு பெரிய விலங்குகளை வேட்டையாடுகிறவர்கள் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம், அதாவது சுமார் மூன்றரை சதுர அடி, கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு அணிய வேண்டும். நாலா பக்கமும் தெரியும்படி தலையிலும் அதே நிறம் வேண்டும். 2016-லிருந்து ஃப்ளோரசன்ட் பிங்க்கும் செல்லும். நடப்பவர்களுக்கு இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் கையில் துப்பாக்கி வைத்திருப்பவரே தன் கூட்டாளி கண்ணில் படுவதற்காக இவ்வளவு அணியும்போது, நாம் சாம்பல் நிற ஜாக்கெட்டில் போவது சரியில்லை. ஹார்டுவேர் கடையிலும் வால்மார்ட்டிலும் மலிவாகவே வெஸ்ட் கிடைக்கும், ஒரு தொப்பியும் சேர்த்து வாங்குங்கள். வெஸ்டைப் போட்டு அதன்மேல் பையை மாட்டினால் முதுகுப் பக்கம் ஆரஞ்சே தெரியாது. பையின்மேலும் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டுங்கள், அல்லது ஆரஞ்சு மழை உறை போடுங்கள். குளிருக்கு ஜாக்கெட் போட்டால் வெஸ்ட் அதற்கு மேலே வர வேண்டும், உள்ளே அல்ல. பழுப்பு, வெளிர்மஞ்சள், வெள்ளை மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்க்கின் பின்புறம் வெளிர்மஞ்சள், மியூல் மானின் பின்புறம் வெள்ளை.

ஆரஞ்சு போட்டால் மான் ஓடிவிடும், வேட்டைக்காரர்கள் கோபப்படுவார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். மானுக்கு நம்மைப் போல நிறம் தெரியாது. சிவப்பும் ஆரஞ்சும் அதன் கண்ணுக்குப் பச்சையிலிருந்து பிரித்தறிய முடியாத மங்கல்தான், நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் நம் ஆரஞ்சு அவர்கள் வேட்டையைக் கெடுக்காது.

வில்வேட்டைக்காரர்களுக்கோ ஆரஞ்சு கட்டாயமில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் கண்ணில் படமாட்டார்கள். ஆகவே நம் குரல் அவர்களுக்குக் கேட்க வேண்டும். சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடந்தால் போதும், ஸ்பீக்கரில் பாட்டுப் போடத் தேவையில்லை. செப்டம்பரில் ஆண் எல்க் எழுப்பும் நீண்ட ஊளைச் சத்தம் கேட்டால் அதைத் தேடிக்கொண்டு டிரெயிலை விட்டு இறங்காதீர்கள். அதே ஒலியை ஊதுகுழலில் எழுப்புகிற வேட்டைக்காரராக இருக்கலாம். குழந்தைகள் பதிலுக்கு அதேபோல் கத்திப் பார்க்க ஆசைப்படுவார்கள். இந்தக் காலத்தில் அது கண்டிப்பாகக் கூடாது.

அருகில் வெடிச்சத்தம் கேட்டால் நின்று, மனிதக் குரல் என்று தெரியும்படி தெளிவாக, "ஹலோ! ஹைக்கர்ஸ்!" என்று உரக்கச் சொல்லுங்கள். புதருக்குள் ஓடி ஒளிய வேண்டாம். புதருக்குள் அசைவது எதுவும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆளாகத் தெரியாது. ரைஃபிள் குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகும். அதனால்தான் இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் நிச்சயம் செய்துகொள்ளாமல் சுடாதே என்று வேட்டைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் பொதுவாக இந்தப் பயிற்சி இல்லாமல் கொலராடோவில் வேட்டை உரிமம் வாங்க முடியாது. காட்டில் நாம் சந்திக்கிற பெரும்பாலானோர் இந்தப் பாடம் படித்துத் தேறியவர்கள். இது தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சட்டப்படி சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை சுடலாம். விலங்குகள் நடமாடுவதும் அதிகாலையிலும் அந்தியிலும்தான். காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கெல்லாம் வண்டிக்குத் திரும்பும்படி திட்டமிட்டால் இருவருக்கும் தொந்தரவில்லை. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்று முதல் மாலை சட்டென்று இருட்டிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

டிரெயில் தொடங்கும் இடத்தில் டிரக்கும் குதிரைகளை ஏற்றிவரும் டிரெய்லரும் நின்றால் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். நாங்கள் இந்தப் பாதையில் ஏரி வரை போகிறோம், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டாலே போதும். அனேகமாக எல்லோரும் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் எல்க் வேட்டைக்குப் போகிறவர். டிரெயிலில் நேராக நடப்பவர்களால் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, பாதையை விட்டு விலகுகிறவர்களும் அவிழ்த்துவிட்ட நாய்களும்தான் நாள் முழுக்கக் காத்திருந்ததை வீணாக்குகின்றன என்பார். இறைச்சி ஏற்றிய குதிரைகள் எதிரே வந்தால் பாதையின் தாழ்ந்த பக்கம் ஒதுங்கி நின்று மெதுவாகப் பேசுங்கள், குதிரை மிரளாது.

நம்மில் பலர் சைவம். வேட்டையைப் பார்க்கவே மனம் ஒப்பாது. அதை மதிக்கிறேன், நானும் மரக்கறிதான் சாப்பிடுகிறேன். ஆனால் மலையில் வைத்து யாருக்கும் போதிக்காதீர்கள். வேட்டையை வேண்டுமென்றே கெடுப்பது இங்கே குற்றம். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. நூறு வருடங்களுக்கு முன் கொலராடோவில் எல்க் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருக்கினார்கள். இன்று வேறெந்த மாநிலத்தையும்விட இங்கேதான் எல்க் அதிகம். அந்தப் பாதுகாப்புப் பணிக்கு வேட்டை உரிமக் கட்டணமும், 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது போடும் வரியும் பெரும்பங்கு கொடுக்கின்றன.

நாய் கூட வந்தால் அதற்கும் ஆரஞ்சு வெஸ்ட், கழுத்தில் மணி, கையில் கயிறு. ஓநாய் போன்ற கயோட்டியை இங்கே வருடம் முழுக்க வேட்டையாடலாம், தூரத்தில் சில நாய்கள் அப்படியே தெரியும். காக்கையும் மேக்பை பறவையும் ஓரிடத்தில் கூட்டமாக இறங்கினால் அங்கே வேட்டைக்காரர் விட்டுப்போன குடல் கிடக்கலாம், கரடியும் வரலாம். சுற்றிக்கொண்டு போங்கள். இரவு தங்குவதானால் விலங்குத் தடம் தெரிகிற புல்வெளி ஓரத்தில் கூடாரம் போடாதீர்கள். முகாமிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது என்று ஃபாரஸ்ட் சர்வீஸ் விதி இருக்கிறது. ஆனால் முகாம் அங்கே இருப்பது கண்ணில் பட்டால்தானே! ஒரு ஆரஞ்சுத் துணியை வெளியே கட்டித் தொங்கவிடுங்கள்.

டிசம்பரில் வெஸ்டைத் துவைத்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் வான்கோழி வேட்டை வருகிறது. ஆண் வான்கோழியின் தலையில் சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் இருக்கும், வேட்டைக்காரர்கள் தேடுவதும் அந்த நிறங்களைத்தான். அந்த இரண்டு மாதங்களும் குழந்தைகளுக்கு அந்த நிறத் தொப்பியோ கழுத்துத் துணியோ வேண்டாம்.