பிரிட்டனில் சிவப்பு அணிலைப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கே போகலாம்?

பிரிட்டனில் பூங்காவிலும் வீட்டுத் தோட்டத்திலும் ஓடித் திரிவது பெரும்பாலும் சாம்பல் அணில். 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது அது. இந்த மண்ணுக்கே உரிய சிவப்பு அணில் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துவிட்டது. இரண்டும் சண்டை போட்டு அப்படி ஆகவில்லை. சாம்பல் அணில் ஒருவகை அம்மை வைரஸைச் சுமக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகாது, சிவப்பு அணிலுக்குத் தொற்றினால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். ஓக் கொட்டையும் சாம்பல் அணிலுக்கு நன்றாகச் செரிக்கும், சிவப்புக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

எங்கே போவது என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. சாம்பல் அணில் இல்லாத தீவுக்குப் போங்கள். இல்லையென்றால் அதற்குத் தீனி குறைவாகக் கிடைக்கும் பைன், ஸ்ப்ரூஸ் காட்டுக்குப் போங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்ஸி தீவுதான் நல்லது. பூல் கீயிலிருந்தோ சாண்ட்பேங்க்ஸிலிருந்தோ படகில் போகலாம். சிறிய தீவில் ஏறக்குறைய இருநூறு அணில்கள் இருப்பதால் ஏமாந்து திரும்பும் வாய்ப்பு குறைவு. குளிர்காலத்தில் தீவுக்குள் பொதுவாக ஆட்களை விடுவதில்லை, நாயையும் கொண்டுபோக முடியாது. முதல் படகைப் பிடியுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் அணில் உயரக் கிளைக்கு ஏறிவிடும். அதே தென்கரையை ஒட்டிய வைட் தீவிலும் சாம்பல் அணில் கிடையாது. அங்கே பார்க்ஹர்ஸ்ட் காட்டில் அணில் பார்ப்பதற்கென்றே ஒரு மரக்குடில் இருக்கிறது.

லிவர்பூல் பக்கம் இருப்பவர்களுக்குக் கார்கூடத் தேவையில்லை. சவுத்போர்ட் போகும் ரயிலில் ஃப்ரெஷ்ஃபீல்டில் இறங்கி, விக்டோரியா ரோடு வழியே ஏறக்குறைய ஒரு மைல் நடந்தால் ஃபார்ம்பி பைன் தோப்பு. 2008இல் அம்மை பரவி இங்கே பத்தில் எட்டு அணிலுக்கு மேல் செத்தன. மிஞ்சியவற்றிலிருந்து கூட்டம் மெல்லத் தேறி வந்திருக்கிறது. வெயில் அடிக்கும் வார இறுதிகளில் கடற்கரைக்கு வரும் கார்களால் இடம் நிரம்பிவிடும், ஆகையால் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள்.

வேல்ஸில் ஆங்கிள்ஸி தீவின் நியூபரோ காடு. 2004இலிருந்து அங்கே சிவப்பு அணில்களை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். ஸ்காட்லாந்தில்தான் நாட்டின் பெரும்பாலான சிவப்பு அணில்கள் வாழ்கின்றன. டன்கெல்ட் அருகே லாக் ஆஃப் தி லோஸ் ஏரிக்கரையில் உள்ள வனவிலங்குப் பார்வையாளர் மையத்தில் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தபடியே, தீனிப்பெட்டிக்கு வரும் அணிலைப் பார்க்கலாம். மழை நாளுக்கும், தள்ளுவண்டிக் குழந்தைக்கும், நடக்க முடியாத பாட்டிக்கும் ஏற்ற இடம். நார்தம்பர்லாந்தின் கீல்டர் காடு இங்கிலாந்திலேயே அதிகமான சிவப்பு அணில்கள் உள்ள இடம்தான். ஆனால் காடு அவ்வளவு பெரிது, அணில்கள் சிதறிக் கிடக்கும். எண்ணிக்கையை நம்பிப் போய் நாள் முழுக்க நடந்து சோர்ந்து திரும்புவது பலருக்கு நேர்வது. பிள்ளைகளுக்குப் பொறுமை வந்த பிறகு அங்கே போகலாம்.

செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் முடிய உள்ள வாரங்கள் தோதானவை. அணில் கொட்டைகளைப் புதைக்கத் தரைக்கு இறங்கும், இலையும் உதிரத் தொடங்கியிருக்கும். கோடையில் விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாய்வதற்கு முன் ஒருமுறை சுறுசுறுப்பாக இருக்கும். நடுப்பகலில் போவது வீண். குளிர்காலத்தில் அது உறங்கிக் கிடப்பதில்லை, காலையிலிருந்து நண்பகலுக்குள் வெளியே வரும். பலத்த காற்றிலும் அடைமழையிலும் கூட்டை விட்டு நகராது, அன்று போக வேண்டாம்.

காட்டுக்குள் போனதும் முதலில் தரையைப் பாருங்கள். பைன் காயை அணில் இரண்டு கையாலும் பிடித்து, நாம் சோளக்கதிரைத் திருப்பித் திருப்பிக் கடிப்பதுபோல் அடியிலிருந்து ஒவ்வொரு செதிலாகக் கடித்தெறிந்து உள்ளே இருக்கும் விதையைத் தின்னும். கடைசியில் ஆப்பிள் தின்று எறிந்த நடுத்தண்டு மாதிரி ஒன்று மிஞ்சும். ஹேசல் கொட்டை என்றால் ஓடு நேராக இரண்டாகப் பிளந்து கிடக்கும். ஓட்டில் வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் அது எலியின் வேலை. இவை ஒரே மரத்தடியில் நிறையக் கிடந்தால் பத்தடி தள்ளி நின்று, இருபது நிமிடம் அசையாமல் காத்திருங்கள். மேலே பார்ப்பதைவிடக் காது கொடுப்பது பலன் தரும்: பட்டையில் நகம் கீறும் சத்தம், செதில்கள் தூறல்போல் இலைமேல் விழும் சத்தம். பிள்ளைகளிடம் 'சத்தம் போடாதே' என்று சொல்வதைவிட, செதில் எங்கிருந்து விழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், தாமாகவே அமைதியாகிவிடுவார்கள். எட்டு மடங்கு பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் சின்னக் கையில் படம் ஆடும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சாம்பல் அணிலின் விலாவிலும் செம்பட்டை தெரியும், சிவப்பு அணிலிலும் கருப்புக்கு நெருங்கிய பழுப்பு உண்டு. வாலைப் பாருங்கள்: சாம்பல் அணிலின் வாலைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும், சிவப்பு அணிலுக்கு வால் முழுக்க ஒரே நிறம். காதில் நீண்ட மயிர்க்குச்சம் இருந்தால் சந்தேகமே இல்லை, ஆனால் கோடையில் அது உதிர்ந்துவிடும்.

தீனி கொடுக்காதீர்கள். வேர்க்கடலையே தின்றால் அணிலுக்குச் சுண்ணாம்புச் சத்து குறையும், பல அணில்கள் ஒரே இடத்தில் கூடினால் நோயும் பரவும். பிரவுன்ஸி, வைட் தீவு அணில்களில் தொழுநோய்க் கிருமி இருப்பது தெரியவந்துள்ளது. தள்ளி நின்று பார்ப்பவருக்கு அதனால் பயமில்லை, ஆனால் செத்த அணிலைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். கண்ணைச் சுற்றியும் வாயிலும் புண்ணோடு தள்ளாடும் அணிலைக் கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்தக் காட்டை நிர்வகிப்பவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். வைட் தீவிலோ ஆங்கிள்ஸியிலோ சாம்பல் அணில் ஒன்றைப் பார்த்தாலும் அப்படியே செய்யுங்கள்.