கண்மாய்ல பேர் தெரியாத குட்டி மீனப் பாத்தா என்ன செய்யணும்

ராம்நாட் பக்கம் பங்குனி சித்திரைல கண்மாய் வத்துனதும் மடைக்கு முன்னாடி இருக்குற பள்ளத்துல மட்டும்தான் தண்ணி கெடக்கும், மிச்ச மீன் பூராம் அங்கதான் ஒதுங்கும். விரால், குறவை, கெளுத்திய அள்ளிக்கிட்டு மத்தத பொடின்னு கரையில கொட்டிருவாங்க. நான் சொல்ல வர்றதே அந்தப் பொடியப் பத்திதான். தென்னிந்தியாவயும் இலங்கையயும் விட்டா இயற்கையா வேற எங்கயும் இல்லாத மீனெல்லாம் அதுக்குள்ள கெடக்கு, நாம கொழம்பு வைக்கிற அயிரையும் செல்லக்காசும் அப்படித்தான்.

மொதல்ல வலைய போடாம காலைல வெயில் ஏறுறதுக்குள்ள கரையில உக்காந்து பாருங்க. தண்ணி மேலாக்க அசையாம நிக்கிற முண்டக்கண்ணிங்குற குட்டி மீன மேலருந்து பாத்தா உச்சந்தலைல வெள்ளிப் பொட்டு வச்ச மாதிரி மின்னும், பொட்டு மட்டும்தான் தெரியும், ஒடம்பு தண்ணி நிறத்தோட கலந்துரும். கொசுப்புழு மேல வந்தா லபக்குனு புடிக்கும். இது இருக்குற ஊரணில கொசுவுக்குன்னு கம்பூசியாங்குற வெளிநாட்டு மீன கொண்டாந்து விடாதீங்க.

தெரியாத மீன்னா கொசுவலைத் துணில மெதுவா கோரி, அதே தண்ணி ஊத்துன வாளில நெழல்ல வைங்க. நான் மொத தடவ கையில வச்சே போட்டோ எடுத்தேன், ரெண்டு நிமிசத்துல நிறம் வெளுத்துப் போச்சு, அந்த மீன் பொழைக்கவே இல்ல, இன்னிக்கும் மனசு கேக்கல. அதனால மெல்லிசான சின்ன கண்ணாடித் தொட்டி ஒண்ணு வச்சுக்கங்க, மீனோட எடது பக்கம் முழுசா தெரியுற மாதிரி, பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுங்க, மீன் ஆராய்ச்சிக்காரங்க ஒப்பிட்டுப் பாக்குறது பெரும்பாலும் எடது பக்கத்ததான். மீசை இருக்கா, எத்தன ஜோடி, புள்ளி எங்க இருக்கு, முதுகுத் துடுப்பு எப்படின்னு தெளிவா எடுத்துட்டு புடிச்ச எடத்துலயே விட்டுருங்க. தேதி, தண்ணி எவ்ளோ ஆழம், அடியில சேறா மணலா, நல்ல தண்ணியா கரிக்குதான்னு எழுதி வைங்க, நம்ம கடலோரத்துல கரிப்பு ரொம்ப முக்கியம்.

புது இனம்னு உடனே கத்திராதீங்க. தாமிரபரணில மட்டுமே இருக்குற ஒரு கெண்டைக்கு சைலஸ்ங்குற விஞ்ஞானி 1954ல பேர் வச்சப்ப வேற ஒரு கெண்டையோட கிளையினம்னுதான் சொன்னாரு, தனி இனம்னு ஆனது பின்னாடிதான், இன்னிக்கு அது அழியுற நிலையில இருக்குற மீன். அதனால போட்டோவ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கோ சென்னைல இருக்குற இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துக்கோ அனுப்பிக் கேளுங்க. எடத்த மட்டும் வாட்ஸப் குரூப்ல போடவே போடாதீங்க, மிஸ் கேரளான்னு ஒரு அழகான மீன அக்வேரியத்துக்குன்னு ஆத்துலருந்து அள்ளி அள்ளித்தான் அது கொறஞ்சு போச்சு.

காப்பாத்துறது நம்ம ஊருக்குள்ளயே நடக்குற வேலை. ஒவ்வொரு பஞ்சாயத்துலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும்னு 2002 பல்லுயிர் சட்டமே சொல்லுது, அவங்க வைக்கிற மக்கள் பல்லுயிர் பதிவேட்டுல இந்த குட்டி மீன் பேரையும் ஏத்தச் சொல்லுங்க. ஊர்ப் பேரு என்னவோ அதையே எழுதுங்க, வயசான ஆளுகளக் கேட்டா சொல்லுவாங்க. மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனப் புடிக்கிற உரிமைய ஏலம் விடுறதுக்கு முன்னாடியே கூட்டத்துல பேசி, மடைப் பள்ளத்துல ஒரு மூலைய மட்டும் மோட்டார் வச்சு எறைக்காம விடணும்னு முடிவு பண்ணுங்க, ஏலம் எடுத்தப்பறம் பேசுனா யாரும் கேக்க மாட்டாங்க, எங்க ஊர்ல ஒரு வருசம் அப்படித்தான் அடி மண்ணு வரைக்கும் எறைச்சுட்டாங்க, அடுத்த மழைக்கு தண்ணி வந்துச்சு, முண்டக்கண்ணி வரல.

ஜிலேபி மீன்தான் பெரிய தலவலி. ஆப்பிரிக்கா மீன், 1952ல இந்தியாவுக்குள்ள வந்தது, முட்டையவும் குஞ்சையும் வாயிலயே வச்சு காப்பாத்தும், அதனால எந்தக் கண்மாய்லயும் பெருகிரும். செல்லக்காசு முட்டைய வெளிய ஒட்டி வச்சுட்டுத்தான் காவல் காக்கணும், எப்படிப் போட்டி போடும்? ஜிலேபி மாட்டுனா திரும்ப விடாதீங்க, கொழம்புக்கு எடுத்துக்கங்க. பாவம்னு நெனச்சு வேற ஆத்து மீனையும் கடையில வாங்குன கலர் மீனையும் ஊரணில விடாதீங்க.

அடுத்த கண்மாய் வத்துறப்ப வாளி, கண்ணாடித் தொட்டி, ஸ்கேலு, ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு வலை போடுறவங்களுக்கு முன்னாடி போயிருங்க, விடியக்காலம் ஆறு மணிக்கே.